மூன்றாவது சிலிண்டர்

அத்தியாயம் 8

எனக்குப் பயந்த சுபாவம். அதை மறைக்க நான் முயன்றதில்லை. முயன்றாலும் தொடை காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் மேடம் எனக்குத் ‘தொடை’ என்று பேர் வைத்தார். தொடைநடுங்கியின் சுருக்கம். துப்பறியும் தொழிலில் ஐந்து வருஷம் உதவியாளனாக ஓட்டியவனுக்குக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான்.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு, மரக்கடைகளுக்குப் பின்னால் போகும் நீளச் சந்தின் கோடியில், ஒரு ஒர்க்‌ஷாப்பின் தகரக் கதவுக்கு முன்னால் நாங்கள் நின்றோம். சந்துக்கு ஒரே வழி. வந்த வழியேதான் திரும்ப வேண்டும். மேடம் துப்புகளைக் கவனிப்பார், நான் தப்பிக்கிற வழிகளைக் கவனிப்பேன். எங்களுக்குள் வேலைப் பிரிவினை அப்படி.

நாங்கள் தேடிவந்தது ஒரு பெண்ணையும் ஒரு பழைய காரையும். தேடச் சொன்னவர் அந்தப் பெண்ணின் அக்கா புருஷன். இருபது வருஷம் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்துவிட்டுக் கரையேறியவர் என்பதால் நாங்கள் அவரைக் கப்பல்காரர் என்றே குறிப்பிட்டுக்கொண்டோம். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர் மனைவி மாடிப்படியில் உருண்டு விழுந்து இறந்துபோனாள். கூடவே இருந்த மச்சினிக்கு அதிலிருந்து மனசு சரியில்லை, இல்லாததையெல்லாம் பார்த்ததாகச் சொல்கிறாள், மாத்திரை சாப்பிடுகிறாள், நாலு நாளைக்கு முன்னால் யாரிடமும் சொல்லாமல், செத்துப்போன அப்பாவின் ஓட்டைக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்றார். அந்தக் காரின் பானெட்டைத் தான் ஒருநாளும் திறந்ததில்லை, அது எப்படி ஓடுகிறதென்றே தெரியாது, வழியில் என்ன ஆச்சோ என்று எங்கள் ஆபீசில் உட்கார்ந்து அழுதார். நான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன். அப்படி அழுகிறவரைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும்.

அந்தப் பெண் வேலை பார்த்த பல் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு குரல் செய்தி வந்திருந்தது. ஒரு வாரம் வரமாட்டேன், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று பதினோரு விநாடி. அவள் குரலுக்குப் பின்னால் யாரோ ஒரு காரைக் கிளப்புகிற சத்தம். மேடம் இருபத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். பேசுகிறவரை விட்டுவிட்டுப் பின்னால் கேட்கிற சத்தத்தைப் பிடிக்கிற கிறுக்கு அவருக்கு உண்டு. அந்தச் செய்தியைப் பதினேழு தடவை கேட்டார்.

“நாலு சிலிண்டர் வண்டி. சாவியத் திருப்பினா நாலு தடவையும் ஒரே மாதிரி முக்கணும். இது மூணு தடவை முக்கிட்டு நாலாவதுல மூச்ச விட்டுடுது. ஒரு சிலிண்டர்ல கம்ப்ரஷன் இல்ல” என்றார்.

எனக்குக் கேட்டதெல்லாம் கரகரப்புதான். ஆனாலும் தலையாட்டி வைத்தேன். நொண்டுகிற வண்டி வெகுதூரம் போயிருக்காது, அந்தக் காலத்து மாடலைத் தொடுகிற மெக்கானிக்குகள் ஊரில் நாலு பேர்தான், மூன்று பேரைப் பார்த்தாகிவிட்டது. அரைவேக்காட்டுச் செய்தியைக் கட்சிக்காரரிடம் சொல்வது மேடத்துக்குப் பிடிக்காது. வண்டி நொண்டுகிற விஷயத்தைக் கப்பல்காரரிடம் நாங்கள் மூச்சு விடவில்லை.

தகரக் கதவைத் திறந்த மெக்கானிக்குக்கு அறுபது வயதிருக்கும். ஆள் பீரோ மாதிரி இருந்தார். அப்படி எந்த வண்டியும் வரவில்லை என்றார், நாங்கள் இன்னும் எந்த வண்டி என்று கேட்காதபோதே. அவருக்குப் பின்னால், கொட்டகையின் மூலையில், தார்ப்பாய் போர்த்திய ஒன்று இருந்தது. நாலு டயர் மட்டும் கீழே தெரிந்தது. அது அலமாரியா என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மிச்சக் கிண்டல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

மேடம் பாட்டுக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கிவிட்டார். வெளிறிப்போன பச்சை நிறத்தில் எங்கள் கார்தான். ஸ்டியரிங்கில் பிளக் டப்பா அட்டையைக் கிழித்துக் கட்டித் தொங்கவிட்டிருந்தது. அதில் பென்சிலில் நாலு எண்கள்: ஒன்று, நூற்று முப்பது. இரண்டு, முப்பது. மூன்று, நூற்று இருபத்தெட்டு. நாலு, நூற்று முப்பத்திரண்டு. அதற்குக் கீழே தனியாக, ‘ஆயில் விட்டு, இரண்டு: முப்பது’.

வேறு வழியில்லாமல் மெக்கானிக் ஒப்புக்கொண்டார். ஒரு பெண் நாலு நாளைக்கு முன்னால் வந்து வண்டியை விட்டுவிட்டு, நடந்துபோய் பஸ் ஏறிவிட்டாள், அதற்குப் பிறகு பார்க்கவில்லை, ஒர்க்‌ஷாப்பில் தான் ஒண்டி ஆள், வேறு யாரும் கிடையாது என்றார். அதையே இரண்டு தரம் சொன்னார். மேடம் பெண்ணைப் பற்றிக் கேட்காமல் எஞ்சினைப் பற்றிக் கேட்டார். அந்த மனிதர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. ஊசி போடும் சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தினால் எதிர்த்துத் தள்ளுமே, அந்த எதிர்ப்புதான் கம்ப்ரஷன், இரண்டாவது சிலிண்டரில் அது கசிந்துவிடுகிறது என்றார். எங்கே கசிகிறது என்று பார்க்க அந்தச் சிலிண்டருக்குள் நாலு சொட்டு ஆயில் விட்டு மறுபடி அளந்தாராம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்து மீட்டர் முள் மேலே ஏறும். ஏறவில்லை. அப்படியானால் வால்வு சரியாக மூடவில்லை. எஞ்சினின் தலைப்பாகத்தை, ஹெட்டை, கழற்ற வேண்டும்.

மேடம் அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, டாப்பெட்டைத் திறந்து பார்த்தீர்களா என்றார். வால்வைத் தள்ளித் திறக்கிற கைக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு நூலளவு சந்து விட வேண்டும், அந்தச் சந்தை வைக்கிற திருகுதான் டாப்பெட் என்று எனக்கும் ஐந்து வருஷத்தில் தெரிந்திருந்தது. மெக்கானிக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. போன மாதம் அவர் கையாலேயே வைத்த டாப்பெட்டாம். அவர் வைத்தால் ஒரு வருஷத்துக்கு அசையாதாம். அதை எதற்குத் திறந்து பார்ப்பது என்றார்.

இவர்கள் பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது நான் ஒரு காரியம் செய்தேன். கார் கிடைத்துவிட்ட சந்தோஷம், அந்த இடத்தைவிட்டுப் போக ஒரு சாக்கு, இரண்டும் சேர்ந்துகொண்டன. கதவுக்கு வெளியே வந்து கப்பல்காரருக்குப் போன் போட்டேன். வண்டி கிடைத்துவிட்டது, ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்று மட்டும்தான் சொன்னேன். அவர் சாதாரணமாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்டார்.

“அந்த மூணாவது சிலிண்டர வெச்சுக்கிட்டு மலை ஏறியிருக்க முடியாதே. அப்ப கீழேயேதான் இருக்காளா?”

எனக்குத் தெரியாது என்றேன். இடம் கேட்டார். சொன்னேன். அரை மணி நேரத்தில் வருகிறேன், அவள் கண்ணில் பட்டால் நான் வருவதைச் சொல்ல வேண்டாம், பயந்து ஓடிவிடுவாள், வாசலில் மட்டும் நில்லுங்கள் என்றார். எவ்வளவு அக்கறையான மனிதர் என்று நினைத்தேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன்.

உள்ளே திரும்பியபோது காற்றே மாறியிருந்தது. மேடம் கையில் கம்ப்ரஷன் பார்க்கிற மீட்டர் இருந்தது. அதன் வாயில் ஒரு ரப்பர் கூம்பு. திருகி மாட்டுகிற ரகம் இல்லை, பிளக்கைக் கழற்றிய ஓட்டையில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடிக்க வேண்டிய பழைய ரகம்.

“உங்க ரெண்டு கையும் இங்க இருந்துச்சு. அப்ப உள்ள உக்காந்து ஆக்சிலேட்டர மிதிச்சுக்கிட்டு சாவியத் திருப்பினது யாரு?” என்று மேடம் கேட்டார்.

மெக்கானிக் மீட்டரை வாங்கக் கை நீட்டினார். மேடம் கொடுக்கவில்லை.

“ஆக்சிலேட்டர மிதிக்காம எடுத்தா நாலு சிலிண்டரும் கம்மியாத்தான் காட்டும். நூத்தி முப்பது காட்டுதுன்னா ஒருத்தர் முழுசா மிதிச்சிருக்கார். ஒண்டி ஆள்னு ரெண்டு தடவை சொன்னீங்களே.”

அவர் மெதுவாகக் குனிந்து பெஞ்சு மேலிருந்த வீல் ஸ்பேனரை எடுத்தார். என் முழங்கை நீளம் இருக்கும். பெண்ணைக் கொன்று இங்கேயே எங்கேயோ புதைத்திருக்கிறான், அடுத்தது நாங்கள் என்று என் மூளை மளமளவென்று கதை எழுதிவிட்டது. கதவுக்குப் பதினைந்து அடி. மேடத்தை விட்டு ஓடுவதா, இழுத்துக்கொண்டு ஓடுவதா என்ற ஒரு சந்தேகம்தான் என்னை அங்கே நிறுத்தி வைத்தது. மெக்கானிக் கேட்ட கேள்வியில் அவர் குரலும் நடுங்கியதுதான் விசித்திரம்.

“உங்கள யாரு அனுப்பினா?”

மேடம் உண்மையைச் சொல்லிவிட்டார். ஸ்பேனர் தோளுக்கு மேல் ஏறியது. அந்த நேரத்தில் கொட்டகையின் பின்பக்கம், பழைய உதிரி சாமான்கள் அடைத்த அறையின் கதவு திறந்தது. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். நாலு நாளாகத் தலை வாரவில்லை. “போதும் அங்கிள், கீழ போடுங்க” என்றாள். பிறகு நேராக என்னைப் பார்த்து, “அத்தான்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள்.

என் கையில் போன் இருந்தது. அதை ஒளிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. சொல்லிவிட்டேன் அம்மா, அரை மணியில் வருகிறார் என்றேன். அவள் அப்படியே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கத்தவில்லை. கைகள் இரண்டையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டாள். என் வாழ்க்கையில் நான் யாரையும் அடித்ததில்லை, ஆனால் அன்றைக்கு ஒரு கொலைக்குப் பாதி வழி நடந்துவிட்டேன் என்று அந்தக் கைகளைப் பார்த்தபோது புரிந்தது.

மேடம் அவள் பக்கத்தில் போய்க் குந்தினார். கேட்டதெல்லாம் துண்டு துண்டாக வந்தது. அன்றைக்கு மாடிப்படி உச்சியில் அக்காவின் முதுகில் அத்தானின் கை இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். போலீசுக்குப் போனாள். அவர்கள் அத்தானையே போன் பண்ணி வரவழைத்து, பத்திரமாக வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு டாக்டர், மாத்திரை, துக்கத்தில் இப்படித்தான் தோன்றும் என்ற ஆறுதல். போன வாரம் அத்தானே, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சித்தி வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா என்றாராம். காரைத் தானே துடைத்து, டேங்க்கை நிரப்பி, சாவியைக் கையில் கொடுத்தாராம். முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி மூச்சுத் திணறி நின்று, பின்னால் உருண்டது. பின்னால் வந்த லாரிக்காரர் ஒரு சாண் இடைவெளியில் பிரேக் போட்டார். அந்தப் பக்கம் பள்ளம். அவள் வண்டியை மெல்லத் திருப்பி இறங்கி, அப்பாவுக்குத் தெரிந்த மெக்கானிக் அங்கிளிடம் வந்து ஒளிந்துகொண்டாள். சித்தி வீட்டுக்குப் போனால் அங்கே அத்தான் வருவாரே என்ற பயம்.

“யாருகிட்டயும் சொல்லாம ஓடிட்டாங்கன்னுல்ல எங்ககிட்ட சொன்னார்” என்றேன் நான். அப்போதுதான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. மூன்றாவது சிலிண்டரை வைத்துக்கொண்டு மலை ஏற முடியாது என்று அவர் போனில் சொன்னதைச் சொன்னேன்.

மெக்கானிக் உடனே திருத்தினார். “ரெண்டாவது. மூணாவது நல்லாத்தான் இருக்கு.”

மேடம் எழுந்தார். எக்ஸ்சேஞ்சில் ஒரு கோடி ஒயர்களுக்கு நடுவில் தப்பான ஒரு ஒயரைக் கண்டுபிடித்தால் அவர் முகம் இப்படித்தான் இருந்திருக்கும். வண்டி நொண்டுகிறது என்று நீ அவரிடம் சொன்னாயா என்று என்னைக் கேட்டார். இல்லை. நீ சொன்னாயா என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். அவள் அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை. கிளம்பும்போது வண்டி லேசாக அதிர்ந்ததே தவிர, அது பழைய வண்டிக்கு உள்ளதுதான் என்று நினைத்திருக்கிறாள்.

“எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணுறீங்க?” என்று மேடம் மெக்கானிக்கைக் கேட்டார்.

ரேடியேட்டர் பக்கத்திலிருந்து என்றார் அவர். இந்த மாதிரி வண்டிக்கு எல்லாரும் அப்படித்தான் எண்ணுவார்கள். சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பின்னால், கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து எண்ணினால் இதே சிலிண்டர் மூன்றாவதாக வரும். ஒரு படகு எஞ்சின்காரர் முன்பு இதே இடத்தில் நின்று, முதல் சிலிண்டர் எது என்று அவரோடு தகராறு பண்ணியிருக்கிறார். அந்தப் பெண் டயரிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“அத்தானும் பின்னாலேர்ந்துதான் எண்ணுவார். அவர் இருந்த கப்பல்ல அப்படித்தானாம்.”

பானெட்டைத் திறந்ததே இல்லை என்றவருக்கு எந்தச் சிலிண்டர் போயிருக்கிறது என்று நம்பரோடு தெரிந்திருக்கிறது.

நான் உடனே கிளம்பிவிடலாம் என்றேன். அரை மணியில் பத்து நிமிஷம் ஏற்கெனவே போய்விட்டது, மெயின் ரோடு வரை ஓடலாம், பஸ் பிடிக்கலாம். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது ஓடினால் மறுபடியும் மனசு சரியில்லாத பெண் ஒருத்தி ஓடிப்போனாள் என்றுதான் சொல்வார்கள், இதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். மெக்கானிக் அதற்குள் எஞ்சின் மேல் மூடியைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். மேடம் தன் போனில் படம் பிடித்தார். எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்ததில் எட்டு டாப்பெட்டில் ஏழு லேசாக ஆடின. ஒன்று ஆடவில்லை. அதன் பூட்டு நட்டின் விளிம்பில், சைஸ் சேராத ஸ்பேனர் கடித்த தடம் புதுசாகப் பளபளத்தது. திருகை ஒரு சுற்றுக்கு மேல் உள்ளே இறக்கி இறுக்கியிருந்தார்கள். நூலளவு சந்துகூட இல்லை. வால்வு எந்நேரமும் கொஞ்சம் திறந்தே கிடந்திருக்கிறது.

“இது நான் வெச்சது இல்ல” என்றார் மெக்கானிக். நாலு நாளாக இதைத் திறக்காமல் இருந்தேனே, என் கை வைத்தது அசையாது என்று திமிராக இருந்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டார். அந்த உடம்புக்குள்ளிருந்து அழுகை வருவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. திட்டிக்கொண்டே திருகைத் தளர்த்தி, சந்து வைத்து, நட்டைப் பூட்டினார். என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். இரண்டாவது பிளக்கைக் கழற்றி மீட்டரை அழுத்திக்கொண்டு, “முழுசா மிதிச்சு, திருப்புங்க” என்றார். முள் நூற்று இருபதில் போய் நின்றது. நல்லவேளை, ரொம்ப தூரம் ஓட்டவில்லை, வால்வு கருகவில்லை என்றார்.

அவர் மூடியைப் போட்டு முடுக்கிவிட்டு, பிளக்கைக் கையில் எடுத்தபோதுதான் மேடம் திடீரென்று கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது சந்தில் நடந்து வருகிற செருப்புச் சத்தம்.

அரை மணி என்றவர் பதினேழாவது நிமிஷம் வந்துவிட்டார். அந்தப் பெண் பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் தரையில் படுத்துக்கொள்ள, மேடம் தார்ப்பாயை இழுத்து அவள் மேல் போட்டார். என் காதருகில் குனிந்து, வண்டி கிளம்பினால் எதற்காகவும் நிறுத்தாதே, எனக்காகவும் நிறுத்தாதே, பெரிய போலீஸ் ஆபீசுக்குப் போ என்றார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தகரக் கதவு அதற்குள் திறந்துவிட்டது.

கப்பல்காரர் அமைதியாக உள்ளே வந்தார். எனக்கு ஒரு நன்றி சொன்னார். அவள் எங்கே என்று கேட்டார். மேடம் தன் எக்ஸ்சேஞ்சு குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல், வண்டியை விட்டுவிட்டு நாலு நாளைக்கு முன்பே பஸ் ஏறிவிட்டாளாம் என்றார். மெக்கானிக் குனிந்த தலையோடு பிளக்கைத் திருகிக்கொண்டிருந்தார். கப்பல்காரர் காரை நோக்கி வந்தார்.

பானெட் தூக்கியிருந்ததால் எனக்கு அவர் முகம் தெரியவில்லை. பானெட்டுக்குக் கீழே இருந்த இடுக்கில் அவருடைய பத்து விரல்கள் மட்டும் தெரிந்தன. சுத்தமாக நகம் வெட்டிய விரல்கள். அவை எஞ்சின் மூடிப் பக்கம் போய் நின்றன. துடைக்காத ஆயில் ஈரம் அதன் மேல் இருந்திருக்கும். எனக்குப் பின்னால் தார்ப்பாய் ரொம்ப லேசாக ஏறி இறங்கியது. அவள் மூச்சு விடுகிறாள். விடாதே என்று சொல்லவும் முடியாது, விடு என்று சொல்லவும் முடியாது. என் தொடை சீட்டையே ஆட்டிக்கொண்டிருந்தது.

“ஒரு தடவை திருப்புங்க தம்பி, எப்படி அடிக்குதுன்னு கேப்போம்” என்றார் கப்பல்காரர்.

அவர் காதால் எஞ்சினைப் பார்க்கிற ஆள். நொண்டினால் ஒன்றும் தெரியாத மாதிரி போய்விடுவார். நாலும் சமமாக முக்கினால், அவர் இறுக்கியதை யாரோ தளர்த்திவிட்டார்கள் என்று தெரிந்துவிடும். நான் சாவியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன தம்பி என்றார் மறுபடி. மெக்கானிக்கின் கை பிளக் ஒயரை அழுத்தி மாட்டிவிட்டு விலகியது.

திருப்பினேன்.

ஒரே சீராக முக்கியது. நாலு தடவை, எட்டுத் தடவை, ஒரே பலத்தில். எனக்கே கேட்டது. பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. பானெட் மெதுவாக, ரொம்ப மெதுவாக இறங்கிச் சாத்திக்கொண்டது. அதற்கு அந்தப் பக்கம் கப்பல்காரர் முகம் இருந்தது. அவர் கோபப்படவில்லை. என் கைக்குட்டையை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது இருந்த அதே முகம்.

“நாலும் அடிக்குதே” என்றார்.

“ஆமா, உங்க மூணாவதும் சேத்துதான்” என்றார் மேடம்.

அவர் கண்கள் என்னைத் தாண்டிப் பின்சீட்டுக்குப் போயின. இரண்டு கையையும் பானெட் மேல் ஊன்றி, வண்டிக்கு நேர் முன்னால் நின்றுகொண்டார். நான் கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டேன். நகர மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. நான் ஏற்ற மாட்டேன் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. என்னை ஒரு பார்வையிலேயே எடை போட்டிருக்கிறார். அவர் போட்ட கணக்கு சரிதான். நான் தைரியத்தில் மிதிக்கவில்லை. நடுங்கிய கால் கிளட்சிலிருந்து நழுவிவிட்டது. வண்டி ஒரு முழம் எகிறிக் குதித்தது. அவர் பக்கவாட்டில் பாய்ந்தார். அதற்குப் பிறகு நான் காலை எடுக்கவில்லை. தகரக் கதவின் ஒரு பக்கத்தை உரசிக்கொண்டு வெளியே வந்து, சந்து முழுக்க இரண்டாவது கியரிலேயே அலறவிட்டு, மரக்கடைகளைத் தாண்டி மெயின் ரோட்டில் விழுந்தோம். கண்ணாடியில் பார்க்க எனக்குத் துணிவில்லை. அந்தக் கொட்டகையில் நான் விட்டுவந்தவர் என் மேடம்.

இரண்டு சிக்னல் தாண்டிப் போன் அடித்தது. மேடம்தான். பத்திரமாக இருக்கிறேன், மெக்கானிக் ஸ்பேனரோடு பக்கத்தில் நிற்கிறார், மரக்கடை ஆட்களும் வந்துவிட்டார்கள் என்றார். பிடித்துவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். யாரும் அவரைத் தொடுவதற்கு அவர் ஒன்றும் செய்யவில்லை. சட்டையைத் தட்டிக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, நடந்து போனாராம்.

“அவசரமே படல, தொடை. அதான் எனக்குப் பயமா இருக்கு. நீ நிக்காம போ. படத்த அனுப்பியிருக்கேன்.”

மேடத்துக்குப் பயம் என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முன்னால் வந்த ஒவ்வொரு காரிலும் அவர் இருப்பதாகப் பட்டது. பின்னால் தார்ப்பாய் சரசரத்தது. அந்தப் பெண் எழுந்து சீட்டில் உட்கார்ந்து, முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் நடுக்கம் சீட்டு வழியாக என் முதுகுக்கு வந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சேர்ந்து நடுங்கினோம்.

“அந்த ரூம்ல நாலு நாளா ஒரே யோசனைண்ணா. எல்லாரும் சொல்றதுதான் நிஜமோ, அக்கா தானாதான் விழுந்தாளோ, நான்தான் இல்லாத கையப் பாத்தேனோன்னு. காலைலகூட அந்த மாத்திரைய எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்” என்றாள்.

நான் கியரை மாற்றினேன். அவள் என் காதுப் பக்கம் குனிந்தாள்.

“அந்தத் திருக நீங்க பாத்தீங்கல்ல?”

“பாத்தேம்மா.”

“நிஜமாவே இறுக்கித்தானே இருந்துச்சு?”

“இறுக்கித்தான் இருந்துச்சு. வேணும்னே இறுக்கியிருந்துச்சு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த சிக்னலில் வண்டி நின்றதும் மறுபடி என் தோளைத் தொட்டு, “இன்னொரு தடவ சொல்லுங்கண்ணா” என்றாள். சொன்னேன். போலீஸ் ஆபீசின் வாசல் தெரிகிற வரைக்கும் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள், நான் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.